வயரைக் கடிக்கிறவங்க: ஒரு 170 வருஷக் கதை

(ஒலிப்பதிவில் இருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை வயர் வெச்ச ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டு இருக்கீங்களா? அப்போ ஒரு சின்ன வேலை. பிளக்கில் ஆரம்பித்து காது வரைக்கும் அந்த வயரை விரலால் ஒரு தடவை தடவிப் பாருங்க. எங்கயாவது சொரசொரன்னு தட்டுப்படுதா? அப்போ உங்க வீட்லயும் ஒரு மிளகு இருக்கு.

மிளகு எங்க வீட்டுப் பூனை. பேருக்கு ஏத்த கருப்பு. போன வருஷம் ஐப்பசி மழையில, எங்க அபார்ட்மென்ட் பைக் பார்க்கிங்ல ஒரு தார்ப்பாய்க்கு அடியில கத்திக்கிட்டு இருந்தா. உள்ளங்கை அளவுதான் இருப்பா. தூக்கிட்டு வந்தோம். நாலு மாசம் ஆகுறதுக்குள்ள மூணு இயர்ஃபோன், ஒரு சார்ஜர் வயர், வீட்டுக்காரரோட காலிங் பெல் வயர்னு ஒரு பெரிய பட்டியலே சேர்த்துட்டா. நாங்க சிரிச்சோம். போட்டோ எடுத்து குரூப்ல போட்டோம்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி. நான் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், இந்த நிகழ்ச்சியை எடிட் பண்ற ஹெட்ஃபோன் வயர் ரெண்டு துண்டா கிடக்கு. 11,000 ரூபாய் ஹெட்ஃபோன், ஆறு மாசம் காசு சேர்த்து வாங்கினது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. கத்தினேன். அவளைப் பால்கனியில விட்டுக் கதவைச் சாத்தினேன். வெள்ளிக்கிழமை முழுக்க புது வயர் என்ன விலைன்னு தேடிக்கிட்டு இருந்தேன். மிளகு சாப்பிடலை. கோவிச்சுக்கிட்டான்னு நினைச்சேன். சனிக்கிழமை காலையில மஞ்சளா மூணு தடவை வாந்தி எடுத்தா. அப்பதான் கூடையில வெச்சுத் தூக்கிட்டு ஓடினேன்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடிச்ச துண்டையெல்லாம் சேர்த்து வெச்சுப் பாத்தீங்களா? எவ்வளவு குறையுது?"

நான் பார்க்கவே இல்லை. ரெண்டு நாளா அந்த ஹெட்ஃபோனுக்காகத் துக்கம் கொண்டாடினேனே தவிர, வயர்ல ஒரு துண்டு காணோம்ங்கிறது என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. எக்ஸ்ரேயில் தெரிஞ்சது. குடலுக்குள்ள தலைமுடி மாதிரி மெல்லிசா வெள்ளைக் கோடுகள். செம்பு. உடனே ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க.

அன்னிக்கு வெளியே பெஞ்சில உட்கார்ந்திருந்த நேரத்துல, ஃபோனை எடுத்து "பூனை ஏன் வயரைக் கடிக்குது"ன்னு தேட ஆரம்பிச்சேன். பூனையில ஆரம்பிச்ச தேடல் புழு, வண்டு, சுறான்னு எங்கெங்கயோ போய் நின்னுச்சு. இன்னிக்கு எபிசோடே அந்தத் தேடல்தான். ஒரு விஷயம் மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். மனுஷன் கம்பி வழியா செய்தி அனுப்ப ஆரம்பிச்ச நாளில் இருந்தே, அந்தக் கம்பியை யாராவது கடிச்சுக்கிட்டேதான் இருக்காங்க.

1843-க்குப் போவோம். சிங்கப்பூர்ல வேலை பார்த்த வில்லியம் மான்ட்கொமரிங்கிற மருத்துவர், மலாய் மக்கள் கத்திப் பிடி செய்யப் பயன்படுத்திய ஒரு மரப்பிசினை லண்டனுக்கு அனுப்பினார். பேர் கட்டாபெர்ச்சா. வெந்நீரில் போட்டால் மாவு மாதிரி குழையும், ஆறினால் இறுகிவிடும். ரப்பர் மாதிரி கடல் நீரில் கெட்டுப் போகாது. 1848-ல் மைக்கேல் ஃபாரடே இது மின்சாரத்தைக் கடத்தாது என்று எழுதினார். அவ்வளவுதான், தந்திக் கம்பியைக் கடலுக்கு அடியில் போட ஓர் உறை கிடைத்துவிட்டது.

1850 ஆகஸ்ட்ல இங்கிலாந்தின் டோவர் பக்கத்தில் இருந்து பிரான்சுக்கு முதல் கேபிளைப் போட்டாங்க. செம்புக் கம்பி, மேல கட்டாபெர்ச்சா. வேற ஒண்ணும் கிடையாது. இன்னிக்கு நம்ம இயர்ஃபோன் வயர் எப்படி இருக்கோ, ஏறக்குறைய அதே கணக்கு: நடுவுல செம்பு, சுத்தி மெத்துன்னு ஓர் உறை. ஒரு நாள் தாங்கலை. மீனவர் வலையில சிக்கி அறுந்ததுன்னு சொல்றாங்க. அடுத்த வருஷம், 1851-ல், புதுக் கேபிள்ல கட்டாபெர்ச்சா உறையைச் சுத்தி கனமான இரும்புக் கம்பிகளை முறுக்கிப் போட்டாங்க. அது வேலை செஞ்சது.

ஆனா இரும்பு முறுக்குக்கும் நடுவுல இண்டு இடுக்கு இருக்கும் இல்லையா? அதுக்குள்ள புகுந்துச்சு கப்பல் புழு. டெரிடோன்னு பேர். புழுன்னு சொன்னாலும் அது சிப்பி வகை. மரக்கலங்களின் அடிப்பலகையைத் துளைத்துச் சல்லடையாக்குற அதே ஆள். அது கூட லிம்னோரியான்னு ஒரு பொடி உயிரினம். கேபிளில் சுற்றிய சணலைத் தின்று, உள்ளே போய் கட்டாபெர்ச்சாவையும் துளைக்கும். ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், கடல் நீர் செம்பைத் தொட்டுவிடும், தந்தி செத்துவிடும். வெப்பமான கடல்களில்தான் இந்தத் தொல்லை அதிகம். பின்னாளில் கட்டாபெர்ச்சாவுக்கு மேலே மெல்லிய பித்தளை நாடாவைச் சுற்ற ஆரம்பித்தார்கள். புழுவைத் திருத்த முடியாதுன்னு புரிஞ்சுக்கிட்டு உறையை மாத்தின முதல் ஆளுங்க இவங்கதான்னு எனக்குத் தோணுது.

நம்ம ஊர்ப் பக்கம் என்ன நடந்ததுன்னு பார்த்தா இன்னும் சுவாரசியம். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில வேதியியல் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்தவர் வில்லியம் ஓ'ஷாக்னெசி. 1839-லயே கல்கத்தாவுக்கு வெளியே மூங்கிலை நட்டு, மைல் கணக்கில் கம்பி இழுத்து தந்தி சோதனை பண்ணினார். பின்னாளில் கம்பெனி அரசு அவரைக் கூப்பிட்டு கல்கத்தாவில் இருந்து டைமண்ட் ஹார்பர் வரைக்கும் லைன் போடச் சொன்னது. ஐரோப்பாவில் மெல்லிய கம்பி. இவர் விரல் கனத்துக்கு இரும்புக் கோலை எடுத்தார். மெல்லிய கம்பி மேல இந்தியாவில என்னெல்லாம் உட்காரும்னு அவருக்குத் தெரியும்: காக்கா, பருந்து, கூட்டம் கூட்டமா ஊஞ்சலாடுற குரங்கு. கோலை வெச்சா, எது தொங்கினாலும் தொங்கட்டும்.

மண்ணுக்கு அடியில போன பகுதிக்கு அவர் பண்ணின ஏற்பாட்டைப் படிச்சப்போ அந்த ஆஸ்பத்திரி பெஞ்சிலயும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. இரும்புக் கோலைச் சுத்தி ரெண்டு மடிப்பு துணி. என்ன துணி? மெட்ராஸ் துணி. நம்ம தறியில் நெய்து கப்பலேறிப் போனது. அதை உருக்கின கீலில் முக்கிச் சுத்தி, கூரை ஓட்டை வரிசையா அடுக்கி அதுக்குள்ள படுக்க வெச்சு, மேல மணலும் குங்கிலியமும் கலந்து உருக்கி ஊத்திட்டார். நான் இப்போ சுவரோரமா வயருக்கு பிளாஸ்டிக் குழாய் போட்டு வெச்சிருக்கேன்ல, அதோட கொள்ளுத் தாத்தா அதுதான்.

சரி, கடல் புழுவுக்கு சணல் சாப்பாடு, குரங்குக்கு கம்பி ஊஞ்சல். பூனைக்கு வயர் என்ன? இதுக்குப் பதில் எனக்குப் பூனை வழியா வரலை. ஒரு வண்டு வழியா வந்துச்சு.

இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் டெலிஃபோன் கேபிள்களை கம்பத்துல தொங்க விட்டிருந்தாங்க. உள்ளே காகிதம் சுற்றிய செம்புக் கம்பிகள், வெளியே ஈய உறை. ஈயம்! உலோகம், அதுவும் விஷம். எதுவும் கடிக்காதுன்னு நிம்மதியா இருந்தாங்க. கோடைக்காலத்துல எல்லாம் சரியா இருக்கும். முதல் மழை பெஞ்ச உடனே லைன் லைனா செத்துப் போகும். ஏறிப் பார்த்தா, ஈயத்துல துரப்பணம் போட்ட மாதிரி வட்டமா ஓட்டை. வேலையைக் காட்டினது கால் அங்குலம்கூட இல்லாத ஒரு மர வண்டு. அதுக்கு ஜனங்க வெச்ச பேரு "ஷார்ட் சர்க்யூட் வண்டு". அமெரிக்க விவசாயத் துறை 1922-ல் இதுக்குன்னே தனியா ஓர் ஆய்வறிக்கை போட்டது.

இதுல என்னைப் பிடிச்சு உலுக்கின விஷயம் ரெண்டு. ஒண்ணு, அந்த வண்டு ஈயத்தைச் சாப்பிடுறதே இல்லை. ஈயத்துல அதுக்கு ஒரு சத்தும் கிடையாது. ரெண்டு, ஓட்டை கேபிள் முழுக்க இல்லை. கேபிளைக் கம்பியோட சேர்த்துத் தொங்கவிடுற வளையம் இருக்கு பாருங்க, அதுக்குப் பக்கத்துலதான் பெரும்பாலும் இருந்தது. ஏன்னா, துளைக்கணும்னா வண்டுக்கு முதுகை முட்டுக் கொடுக்க ஓர் இடம் வேணும். வழுவழுன்னு இருக்கிற உருண்டைக் கேபிள்ல பிடிமானம் கிடையாது. வளையத்துக்கும் கேபிளுக்கும் நடுவுல அந்த வாகு கிடைச்சது.

ருசி இல்லைங்க. வாகு.

இதே பாடம் இன்னொரு பக்கத்துல இருந்தும் வந்தது. அமெரிக்கச் சமவெளியில கோஃபர்னு ஒரு பிராணி, நம்ம பெருச்சாளி மாதிரி மண்ணுக்குள்ள வளை தோண்டி வாழ்றது. கேபிளைப் புதைச்சா, அது வளை தோண்டுற வழியில குறுக்க வரும். மரத்தோட வேர் மாதிரி நினைச்சுக் கடிச்சுத் தள்ளிட்டுப் போயிடும். எலி, அணில், கோஃபர் எல்லாத்துக்கும் முன்பற்கள் சாகுற வரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கும். கடிச்சுத் தேய்ச்சாத்தான் வாய் மூட முடியும். முயலுக்கும் அப்படித்தான், அது எலி இனமே இல்லைன்னாலும். டெலிஃபோன் நிறுவனங்கள் சும்மா இருக்கலை. கேபிள் துண்டுகளைக் கோஃபர் கூண்டுக்குள்ள வெச்சுப் பார்த்தாங்க. டென்வர் நகரத்துல இருந்த வனவிலங்கு ஆராய்ச்சி மையத்துல இந்தச் சோதனைகள் வருஷக் கணக்கா நடந்துச்சு. உறையில எஃகு நாடா வெச்சா தாங்குது. அதோட, கேபிளோட கனமும் ஒரு காரணம். ஒரு அளவுக்கு மேல தடிமனா இருந்தா கோஃபரால வாயைத் திறந்து கவ்வவே முடியலை. மெல்லிசான கேபிள்தான் மாட்டுச்சு.

சுறா கதையை வேகமாச் சொல்லிடுறேன், ஏன்னா அதை நீங்க யூடியூப்ல பார்த்திருப்பீங்க. 1980-களில் கேனரி தீவுகளுக்குப் பக்கத்துல போட்ட சோதனை ஃபைபர் கேபிளை மேல எடுத்தப்போ, உறையில சுறாப் பல் குத்திக்கிட்டு நின்னுச்சு. அதுல இருந்து ஆழ்கடல் கேபிளுக்கும் எஃகு நாடா சட்டை வந்துச்சு. உண்மையில கடல் கேபிளை அறுக்கிறதுல முக்காவாசி வேலை நங்கூரத்துக்கும் மீன்பிடி வலைக்கும்தான், சுறாவுக்கு வெறும் விளம்பரம். நம்ம நாட்டுல வாரணாசியில கங்கைக் கரையோரம் இழுத்த ஃபைபர் கேபிளைக் குரங்குகள் தின்னுட்டதா 2015-ல செய்தி வந்துச்சு. ஓ'ஷாக்னெசி இருந்திருந்தா தலையில அடிச்சுக்கிட்டிருப்பார்.

இப்போ இந்த வரலாறு எந்தத் திசையில போகுதுன்னு கவனிங்க. கம்பம், கடல், மண்ணுன்னு எங்கெல்லாம் கேபிள் போச்சோ, அங்கெல்லாம் அது வருஷத்துக்கு வருஷம் கனமாச்சு, கெட்டியாச்சு, இரும்புச் சட்டை போட்டுக்கிச்சு. நம்ம காதுக்கு வர்ற கேபிள் மட்டும் நேர் எதிர்த் திசையில ஓடுச்சு.

முதல் ஹெட்செட்கள் 1880-களில் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவங்களுக்காக வந்தவை. எஸ்ரா கில்லிலேண்ட் செஞ்ச கருவியைத் தோளில சுமக்கணும். 1910-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துல நேதனியல் பால்ட்வின்ங்கிறவர் தலையில மாட்டுற மாதிரி ஒண்ணை செஞ்சு கடற்படைக்கு அனுப்பினார். நிறைய வேணும்னு கடற்படை கேட்டப்போ, அவ்வளவு வேகமா அவரால முடியலை. ஏன்னா அவரோட தொழிற்சாலை அவர் வீட்டு சமையலறை. அந்த ஹெட்ஃபோன் வயர்களுக்கு மேல பருத்தி நூல் பின்னலா இருக்கும். பழைய கறுப்பு டெலிஃபோன் ரிசீவர்ல பாட்டி வீட்ல பார்த்திருப்பீங்களே, அது மாதிரி.

வயரை ஆட்டிக்கிட்டே, மடிச்சுக்கிட்டே இருந்தா உள்ளே செம்பு முறிஞ்சு போகும். அதுக்கு அந்தக் காலத்துலயே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க: ஒரு நூலை எடுத்து, அது மேல தகடா அடிச்ச செம்பு நாடாவைச் சுத்துறது. நம்ம ஊர் ஜரிகை எப்படியோ அப்படி. அதுக்கு டின்செல்னு பேரு. இன்னிக்கு உங்க இயர்ஃபோனுக்குள்ளயும் அந்தக் கதையோட தொடர்ச்சி இருக்கு. பிச்சுப் பார்த்தவங்களுக்குத் தெரியும். சிவப்பு, பச்சை, பொன் நிறத்துல வார்னிஷ் பூசின முடி மாதிரி செம்பு இழைகள், கூடவே நைலான் நூல். அறுந்ததை முறுக்கி ஒட்டிப் பார்த்து, சத்தம் வரலையேன்னு முழிச்சிருப்பீங்க. அந்த வார்னிஷ் மின்சாரத்தை விடாது, சால்டரிங் சூட்டுல எரிச்சு எடுத்தாத்தான் வேலை செய்யும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு அண்ணன். அந்த நைலான் நூலை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வர்றேன்.

1979 ஜூலை 1. சோனி வாக்மேன் விற்பனைக்கு வருது. எல்லாரும் பெட்டியைப் பத்திப் பேசுவாங்க. அதோட வந்த ஹெட்ஃபோன்தான் எனக்கு முக்கியம். அதுவரைக்கும் ஹெட்ஃபோன்னா 300, 400 கிராம். இது 50 கிராமுக்குள்ள. ஹெட்ஃபோன் இளைச்சா வயரும் இளைக்கணும், இல்லைன்னா வயரோட கனமே காதுல இருந்து இழுத்துடும். 2001-ல் ஐபாட் வந்தப்போ வெள்ளை வயர் ஒரு அடையாளமாவே ஆச்சு. விளம்பரத்துல கறுப்பு நிழல் உருவம் ஆடும், அது கூடவே அந்த வெள்ளை வயரும் ஆடும். மெல்லிசா, மெத்துன்னு, வால் மாதிரி ஆடிக்கிட்டு.

இப்போ ஒரு பூனையோட கண்ணுல பாருங்க. வண்டுக்கு வளையம், கோஃபருக்குக் கனம். இதுல எல்லா வாகும் ஒண்ணாச் சேர்ந்திருக்கு. பல்லுக்கு நடுவுல கச்சிதமா உட்கார்ற தடிமன். கடிச்சா மெல்ல அமுங்குற பிளாஸ்டிக். எலி வால் மாதிரி அசைவு. அது போக, நம்ம காதுல, கழுத்துல கிடந்து நம்ம வாடை. பூனைக்குட்டிக்கு மூணரை மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும் 26 பால் பற்கள் விழுந்து 30 பற்கள் முளைக்கும். நாய்க்குட்டிக்கு 28 போய் 42. ஈறு நமநமங்கும். மிளகு பட்டியல் போட ஆரம்பிச்சதும் சரியா நாலாவது மாசம். அவ குணம் கெட்டவ இல்ல. 170 வருஷமா என்ஜினியருங்க எதையெல்லாம் தப்புன்னு தெரிஞ்சு கைவிட்டாங்களோ, அதையெல்லாம் ஒண்ணாச் சேர்த்து நான் அவ முன்னாடி தொங்கவிட்டிருந்தேன்.

எங்க அம்மாகிட்ட சொன்னப்போ உடனே மருந்து சொன்னாங்க: "வேப்பெண்ணெயைத் தடவுடா. நீ விரல் சப்பினப்போ அப்படித்தான் நிறுத்தினேன்." பக்கத்து வீட்டு அக்கா மிளகாய்த்தூளைக் குழைச்சுப் பூசச் சொன்னாங்க. இந்த யோசனை பெரிய கம்பெனிகளுக்கும் வந்திருக்கு. 1958-ல் ஸ்காட்லாந்துல மரத்துப்போக வைக்கிற மருந்து ஒண்ணைத் தேடிக்கிட்டு இருந்தவங்க கையில, உலகத்துலயே கசப்பான பொருள்னு சொல்ற டெனடோனியம் தற்செயலா மாட்டுச்சு. வாயில வைக்கக் கூடாத திரவங்கள்ல குழந்தைங்க குடிச்சிடாம இருக்கக் கலக்குறது அதைத்தான். கார் வயரை எலி கடிக்காம இருக்க, மிளகாயோட காரப்பொருளைச் சேர்த்த நாடாவை ஹோண்டா விற்குது.

இது வேலை செய்யுமான்னா, சில பிராணிகள்கிட்ட செய்யும், சில நாளைக்குச் செய்யும். கசப்பு காய்ஞ்சா திரும்பப் பூசணும். பறவை வளர்க்கிறவங்க மிளகாயை மறந்துடுங்க. பறவைகளுக்குக் காரம் உறைக்காது, அதோட நரம்புல அந்த ஏற்பு வேலை செய்றதில்லை. அதனாலதான் கிளி மிளகாய்ப் பழத்தை அப்படிக் கொத்துது. (நான் சொல்றது கடையில வாங்குற லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறவங்களுக்கு. நம்ம பச்சைக்கிளியைக் கூண்டுல வளர்க்கிறது சட்டப்படி குற்றம்.) பூனை, நாய்க்கு மிளகாய்த்தூள் வேண்டவே வேண்டாம். கால்ல ஒட்டி, கண்ணைத் தேய்ச்சு அது படுற பாட்டை நாம பார்க்க முடியாது. வேப்பெண்ணெயும் வேண்டாம். பூனை உடம்புல எது ஒட்டினாலும் நக்கியே சுத்தம் பண்ணும். என்ன பூசுறதுன்னாலும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பூசுங்க. எனக்கு என்ன தோணுதுன்னா, ருசியை மாத்துறவங்க எல்லாரும் வண்டு ஈயத்தை ருசிச்சுத் துளைச்சதா நினைக்கிறாங்க.

"வயர்லெஸ் வாங்கித் தொலை"ன்னு நிறையப் பேர் சொல்வீங்க. 2016-ல் ஐஃபோன்ல இருந்து ஹெட்ஃபோன் ஓட்டையையே எடுத்துட்டாங்க, அந்த வருஷக் கடைசியில ஏர்பாட்ஸ் வந்துச்சு, வயர் ஒழிஞ்சது. ஆனா அதுக்குள்ள லித்தியம் பேட்டரி இருக்கு. வயர் துண்டை முழுங்கினா குடல்ல சிக்கும். பேட்டரியைக் கடிச்சாலோ முழுங்கினாலோ உள்ளே சதையே வெந்து போகும், சில மணி நேரத்துல. அதோட அதுக்கும் சார்ஜர் வயர் வேணுமே. ஹெட்ஃபோன் வயர்ல ஷாக் அடிக்கிற அளவு மின்சாரம் கிடையாது. சுவர்ல இருந்து லேப்டாப் அடாப்டருக்கு வர்ற வயர்ல 230 வோல்ட் இருக்கு. அதைக் கடிச்சு உங்க நாயோ பூனையோ விழுந்து கிடந்தா, தொடாதீங்க. முதல்ல மெயின் ஸ்விட்சை அணைங்க. எழுந்து நல்லா நடந்தாலும் டாக்டர்கிட்ட கொண்டு போங்க. நுரையீரல்ல நீர் கோத்து, பல மணி நேரம் கழிச்சு மூச்சு வாங்க ஆரம்பிக்கலாம்.

இப்போ அந்த நைலான் நூல். பூனை நாக்குல முள் மாதிரி இருக்கும் இல்லையா, அதெல்லாம் தொண்டைப் பக்கமாச் சாய்ஞ்சு இருக்கும். நூல் மாதிரி எது உள்ளே போனாலும் துப்ப முடியாது, உள்ளே உள்ளேதான் போகும். ஒரு முனை எங்கயாவது மாட்டிக்கிட்டு மறு முனை குடலோட ஓடினா, நாடா கோத்த பாவாடை மாதிரி குடலே சுருங்கிடும், அறுத்துக்கிட்டுப் போயிடும். செம்பு மட்டும் இருந்திருந்தா துண்டு துண்டா முறிஞ்சு வெளியே வந்திருக்கும், வயர் அறுந்து போகாம இருக்கணும்னு சேர்த்த அந்த நூல்தான் இழுத்துப் பிடிச்சதுன்னு டாக்டர் சொன்னார். வாயிலயோ பின்னாலயோ நூல் தொங்குறதைப் பார்த்தா இழுத்துடாதீங்க. இழுத்தா உள்ளே கிழியும். அப்படியே தூக்கிட்டு ஓடுங்க.

ஆபரேஷன் முடிஞ்சு டாக்டர் ஒரு ட்ரேயில வெச்சுக் காட்டினார். என் சுண்டு விரலை விடக் கொஞ்சம் நீளம். கருப்பு உறை பாதி உரிஞ்சு, உள்ளே பொன்னிறச் செம்பும் அந்த வெள்ளை நூலும். "ஒன்பது சென்டிமீட்டர். வீட்ல எவ்வளவு குறையுதுன்னு அளந்து சொல்லுங்க. மீதி உள்ளே இருக்கக் கூடாது."

ராத்திரி வீட்டுக்கு வந்து, ரெண்டு துண்டையும் தரையில நேரா நீட்டி வெச்சு, தையல் டேப்பால அளந்தேன். வயர் மொத்தம் 3 மீட்டர்னு டப்பாவுல போட்டிருந்துச்சு. தரையில இருந்தது 2 மீட்டர் 86. குறையிறது 14. டாக்டர் எடுத்தது 9. இன்னும் 5 சென்டிமீட்டர் எங்கே?

கடலடி கேபிள் அறுந்தா, கரையில ஒருத்தர் உட்கார்ந்து கம்பியோட மின்தடையை அளந்து, எத்தனையாவது மைல்ல அறுந்திருக்குன்னு கணக்குப் போட்டுச் சொல்வார். கப்பல் அந்த இடத்துக்குப் போகும். நான் டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு சோஃபாவைப் புரட்டினேன், கட்டிலை நகர்த்தினேன், வாஷிங் மெஷினுக்கு அடியில துழாவினேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி, தூசிக்கு நடுவுல, ரெண்டு சின்னத் துண்டு. சேர்த்து வெச்சேன். அஞ்சும் கொஞ்சமும். டாக்டருக்கு போட்டோ அனுப்பிட்டு, அந்தத் தரையிலயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மிளகு நாலாம் நாள் வீட்டுக்கு வந்தா. கழுத்துல கூம்பு மாட்டிக்கிட்டு, என் மேல ஒரு கோபமும் இல்லாம மடியில ஏறிப் படுத்தா. பால்கனிக் கதவைச் சாத்தினது அவளுக்கு ஞாபகம் இருந்துச்சான்னு தெரியலை.

இப்போ வீட்ல என்னென்ன மாத்தியிருக்கோம்னு சிலர் கேட்டிருந்தீங்க. சுவரோரம் போற வயரெல்லாம் எலெக்ட்ரிகல் கடையில கிடைக்கிற பிளாஸ்டிக் கேசிங்குக்குள்ள. மேசையில இருந்து இறங்குற வயர்களை ஒண்ணாச் சேர்த்து ஸ்பைரல் சுத்தி, அவ வாய்க்கு அடங்காத கனத்துக்கு ஆக்கியாச்சு. இயர்ஃபோன் வேலை முடிஞ்ச உடனே டப்பாவுக்குள்ள, எங்கயும் தொங்கக் கூடாது. அவ கடிக்கிறதுக்குன்னே ஒரு துணி எலி, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை அதை இழுத்து ஓடி விளையாட ஆள். அப்படியும் ஒரு தடவை என் தம்பியோட இயர்ஃபோனைக் கடிச்சுட்டா. கத்தலை. டேப்பை எடுத்தோம், அளந்தோம். முழுசா இருந்துச்சு.

எடிட்டிங்குக்கு நான் இன்னும் வயர் ஹெட்ஃபோன்தான் பயன்படுத்துறேன். புளூடூத்ல சத்தம் கொஞ்சம் பிந்தி வரும், வெட்ட வேண்டிய இடம் தப்பிடும். இந்த மைக்ல இருந்து போற கேபிள், மேடைக் கச்சேரியில எல்லாம் பார்த்திருப்பீங்களே, விரல் கனத்துக்கு இருக்குமே, அதை மிளகு ஒரு நாளும் கடிச்சதில்லை. இப்பக்கூட அது மேலதான் தலையை வெச்சுத் தூங்கிக்கிட்டு இருக்கா. நடுவுல ஒரு கரகர சத்தம் கேட்டிருந்தா, அவ குறட்டைதான் அது. எடிட்ல நான் எடுக்கலை.